நிமிர்ந்த கதிரை அளந்த லேசர்

சென்ற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் வேலணையில் மினிபஸ்ஸை விட்டு இறங்கினேன். முதல் மழை பெய்து மூன்று நாள். கடற்கரைப் பக்கத்து வயல்வெளி முழுவதும் உழவு இயந்திரச் சத்தம்.

தவமணியின் வயலிலும் ஒரு உழவு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். எப்படியோ அவருக்கு விதைநெல் கிடைத்துவிட்டதாக்கும்! நடையை எட்டிப் போட்டேன். கிட்டப் போனபிறகுதான் வரம்பில் நின்றவரின் முகம் தெரிந்தது. வேறு ஆள். பெயர் வேண்டாம். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

"இந்த முறை எங்களட்டைத் தந்திருக்கினம், மாஸ்ரர்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. உழவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் ஓய்வுபெற்ற தபாலதிபர், போஸ்ட் மாஸ்ரர். ஊர்காவற்றுறைக்காரன். எதையும் நாள், கிழமை, நேரம் போட்டுக் குறித்து வைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் இந்தக் கதையையும் ஒழுங்காக, முதலிலிருந்தே சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது என்னைப்பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

தவமணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, அழிந்த வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டு இருப்பவர். கணவருக்கு நான்கு வருடமாகப் பாரிசவாதம். ஒரு மகள், யாழ்ப்பாணத்தில் தங்கிப் படிக்கிறாள். வயல் சொந்தமில்லை. சொந்தக்காரர் கனடாவில். அவருடைய மைத்துனர்தான் இங்கே பொறுப்பு. நிபந்தனை ஒன்றே ஒன்று: வருடா வருடம் விதைக்கிறவரைக்கும் வயல் தவமணியிடம் இருக்கும். ஒரு போகம் தரிசாக விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். தீவுப்பகுதியில் ஒரு போகம்தான். கிணற்றை நம்பி நெல் விதைக்க இது வலிகாமம் இல்லை. வானம்தான் எல்லாம்.

சென்ற போகம் வானம் கையை விரித்தது. என் வீட்டு முற்றத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மார்கழி நடுப்பகுதிக்குப் பிறகு அதில் ஒரு சொட்டு விழவில்லை. கதிர் பால் பிடிக்கும் நேரம் நிலத்தில் ஈரம் இல்லை. கடல் கிட்டவென்பதால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறியது. பயிர் வளர்ந்துவிட்டது... உள்ளே அரிசி இல்லை. எங்கள் பக்கம் அதைச் சப்பி நெல் என்போம். பதர்.

அந்த நேரத்தில்தான் ஒரு நிவாரண நிறுவனம் வந்தது. விளைச்சல் அழிந்தவர்களுக்கு அடுத்த போகத்துக்கு விதைநெல், மூன்று மாதத்துக்கு உலர் உணவு. சமாதான காலம். பாதை திறந்திருக்கிறது. வெளியிலிருந்து ஆட்களும் வருகிறார்கள், சாமான்களும் வருகின்றன. நல்ல விஷயம்தானே? ஆனால் அழிவு யாருக்கு, யாருக்கு இல்லை என்று எப்படிப் பிரிப்பது?

முன்பெல்லாம் கண் மதிப்புத்தான். அதிகாரி ஒருவர் வருவார். வயலுக்கு வருமுன் ஒரு வீட்டுக்கு வருவார். அங்கே உட்காரக் கதிரை போட்டிருக்கும். தேத்தண்ணி, வடை, வாழைப்பழம். வெயில் ஏறியபிறகு வேலியோடு நின்று வயலை ஒரு பார்வை பார்ப்பார். எத்தனை வருடம் நான் குறித்து வைத்திருக்கிறேன் தெரியுமா? வாழைப்பழம் கொடுத்த வீட்டின் நெல் ஒவ்வொரு முறையும் அழிந்திருக்கும்.

இந்த முறை அப்படி இருக்காது என்றார்கள். இந்த முறை லேசர்.

அதைக் கொண்டுவந்தவர் ஜெயந்தன். நோர்வேயில் எஞ்சினியர். பிறந்தது இங்கேதான், பத்து வயதில் போனவர். இப்போது நாற்பதைத் தொடுகிறார். கருவி பேக்கரியில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண் அளவு. அறுவடை இயந்திரத்தின் முன் நெற்றியில் பூட்டிவிட வேண்டும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி, முன்னால் நிற்கும் பயிரின்மேல் இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும். பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துப் பயிர் எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி என்று பிடித்துவிடும். இயந்திரம் அறுத்துக்கொண்டு போகப் போக, கொம்பியூட்டரில் வயலின் படம் நிறம் நிறமாக விழும். பச்சை என்றால் நல்ல விளைச்சல். மஞ்சள் நடுத்தரம். சிவப்பு அழிவு.

அதற்கு வாழைப்பழம் கொடுக்க முடியாது. அது யாருக்கும் மாமனில்லை, மச்சானில்லை.

நான் மயங்கிவிட்டேன். பழைய இதழ்களைச் சேர்த்து வைப்பவர்கள் தை மாதக் கடைசி இதழை எடுத்துப் பாருங்கள். இதே இடத்தில், இதே என் படத்துக்குக் கீழே, கண் மதிப்புக்கு இனி விடைகொடுப்போம் என்று எழுதியிருக்கிறேன். நாலு வாசகர்கள் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள். அந்தக் கடிதங்களையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் ஜெயந்தன் என்னைத் தேடி வந்தார். ஒவ்வொரு வயலிலும் ஒரு படிவம், எங்கள் பேச்சில் போம், நிரப்ப வேண்டும், ஆங்கிலத்தில். துப்புரவாக எழுத ஒரு ஆள் தேவை. "நீங்கள் வந்தா நல்லம் சேர்" என்றார். தபால் கந்தோரில் முப்பத்தாறு வருடம் போம் நிரப்பியவனைப் பார்த்துக் கேட்டால் மாட்டேன் என்பானா?

முதல் தடங்கல், யாழ்ப்பாணத்திலிருந்து கருவியோடு வரும் வழியில், மண்டைதீவுச் சந்தியில். சோதனைச்சாவடியில் கருவியைக் கண்டுவிட்டார்கள். பெட்டியில் லேசர் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்திலும் சரி, இந்தக் காலத்திலும் சரி, ஒரு சோதனைச்சாவடியில் அது நல்ல சொல்லல்ல. இறங்கச் சொன்னார்கள். வெயிலில் இரண்டே கால் மணித்தியாலம். ஜெயந்தனுக்குச் சிங்களம் தெரியாது. சிலாபத்தில் நான்கு வருடம் வேலை பார்த்த புண்ணியத்தில் நான்தான் வாயாக இருந்தேன்.

கடைசியில் ஒரு கடற்படைக்காரர் வந்தார். பொலனறுவைப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளையாம். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது வயலைப் பார்த்தே நெல் எவ்வளவு என்று சொல்லும் என்றேன். முதலில் சிரித்தார். தன் முன்னால் பிடித்து, தான் எத்தனை புசல் நெல் தேறுவார் என்று பார்க்கச் சொன்னார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அதன்பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: பதரை இது கண்டுபிடிக்குமா?

நான் மொழிபெயர்த்தேன்.

"அதெல்லாம் சராசரியில அடிபட்டுப் போகும் எண்டு சொல்லுங்கோ சேர்" என்றார் ஜெயந்தன்.

அப்படியே சொன்னேன். கடற்படைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தந்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை. அன்று முழுவதும் எங்களிடம் கேட்கப்பட்ட ஒரே புத்தியான கேள்வி அதுதான் என்று இப்போது தெரிகிறது.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை. வேலணை வயல்வெளியில் ஐந்து வயல்கள். லொறியில் ஏற்றி வந்த அறுவடை இயந்திரம் றோட்டோரத்தில் இறங்கி நிற்கிறது. சனம் கூடிவிட்டது. இங்கேயும் ஒரு சிக்கல். வயல் முழுவதையும் இயந்திரத்தால் வெட்ட ஒருவரும் சம்மதிக்கவில்லை. இயந்திரம் வைக்கலை நொறுக்கிவிடும். நொறுங்கிய வைக்கலை எங்கள் மாடுகள் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே ஒரு வயலுக்கு இரண்டு ஓட்டம் மட்டும் என்று பேச்சு. மிச்சத்தை அவரவர் அரிவாளால் வெட்டிக்கொள்வார்கள். இரண்டு ஓட்டத்தில் லேசர் பார்த்ததை வைத்து முழு வயலையும் கொம்பியூட்டர் கணக்குப் போடும்.

ஐந்து வயலின் நெல்லும் இயந்திரத்தின் ஒரே தொட்டியில் ஒன்றாக விழுந்தது. தனித்தனியே நிறுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தராசு கொண்டுவரவில்லை. அதற்குத்தான் லேசர் இருக்கிறதே!

தவமணியின் வயல் மூன்றாவது. நான் போமும் கையுமாக வயலுக்குள் இறங்கி நின்றேன். வரம்பு மூலையில் வெற்றிலை வைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தார். அரிவு தொடங்கும் நாள் அல்லவா? தலையில் துவாய் கட்டி, கையில் அரிவாள். இயந்திரம் இரண்டு ஓட்டம் ஓடியது. ஜெயந்தனின் கொம்பியூட்டரில் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கவே அழகாக இருந்தது. மூன்று வயலில் இதுதான் கடும் பச்சை.

போமில் ஏழாவது கேள்வி, விவசாயியின் சொந்த மதிப்பீடு. நன்று, நடுத்தரம், அழிவு என்று மூன்று கட்டம். ஒன்றில் சரி போட வேண்டும்.

"அம்மா, விளைச்சல் எப்பிடி? நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று ஜெயந்தன் கேட்டார்.

தவமணி நிற்கிற நெல்லை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு குறையுமில்லைத் தம்பி" என்றார்.

நான் முதலாவது கட்டத்தில் சரி போட்டேன்.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வயலுக்குள் நின்று, நிற்கிற நெல்லுக்கு முன்னால், விளைச்சல் இல்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதுவும் அரிவாள் வைக்கிற நாளில். இலட்சுமியை முகத்துக்கு நேரே பழிப்பது போல. முழுவதும் கருகிப் போனாலும் குறையில்லை என்றுதான் சொல்வார்கள். அது நிலைமை கேட்டவருக்குச் சொல்லும் பதிலே அல்ல. நெல்லுக்குச் செய்யும் மரியாதை.

எனக்கு இது தெரியாதா? நான் வயல்காரர் வீட்டுப் பிள்ளையில்லை, உண்மை. என் அப்பா கடலுக்குப் போனவர். ஞாயிறு பூசை தவறாதவர். அவரும் வள்ளத்தில் கால் வைத்தபிறகு மீன் படாது என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கொடி பறந்தாலும், கரையில் நின்று கேட்பவர்களுக்கு ஏதோ படும் என்றுதான் பதில். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயால் சொன்னதை அப்படியே எழுதுவது என் கொள்கை. அபிப்பிராயம் கலக்கக்கூடாது. அதுதானே பதிவு?

அடுத்த வயல் கனகலிங்கத்தாருடையது. அந்த மனிதருக்கு உலகம் தெரியும். கொழும்பில் கடை வைத்திருந்தவர். ஜெயந்தன் அதே கேள்வியைக் கேட்டதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஜெயந்தனின் தோளில் கையைப் போட்டு, "தம்பி, உதால ஒருக்கா றோட்டுக்கு வாருமன்" என்று கூட்டிக்கொண்டு நடந்தார். நானும் பின்னால் போனேன். வரம்பைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, தார் றோட்டில் ஏறி நின்று, வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார்.

"உதுக்குள்ள ஒரு மண்ணும் இல்லைத் தம்பி. முழுக்கச் சப்பி. ஊதினாப் பறக்கும். மாடு திண்டாலும் ஏப்பம் வராது."

ஜெயந்தன் சிரித்துவிட்டார். "அப்ப ஏன் ஐயா அங்க வைச்சுச் சொல்லேல்லை?"

"வயலுக்க நிண்டு உப்பிடிக் கதைக்கலாமோ? மாஸ்ரருக்குத் தெரியும், கேட்டுப் பாரும்."

மாஸ்ரர் தலையை ஆட்டினேன். மூன்றாவது கட்டத்தில் சரி போட்டேன். அழிவு.

இப்போது சொல்லுங்கள். அந்த நேரம் தவமணி நின்ற இடம் ஒரு முப்பது மீற்றர் தூரம். திரும்பிப் போய், பிள்ளை, ஒருக்கா றோட்டுக்கு வாரும் என்று கூப்பிட்டு, அதே கேள்வியை இன்னொருமுறை கேட்க எவ்வளவு நேரம் செல்லும்? இரண்டு நிமிடம். நினைவு வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கருவியின் பற்றறி இறங்குகிறது என்று ஜெயந்தன் அவசரப்பட்டார். அதைவிட இன்னொரு காரணம். போட்ட சரியை வெட்டினால் போம் அசிங்கமாகிவிடும். அன்றைக்கு ஐந்து போமிலும் ஒரு வெட்டுக் குத்து இல்லை. எனக்கு அதில் ஒரு பெருமை.

மூன்று நாள் கழித்துத் தவமணியின் சூட்டை, அதாவது கதிரடிப்பை, போய்ப் பார்த்தேன். ஓலைக் கடகத்தில் அள்ளித் தூற்றுகிறார்கள். கீழே விழுந்ததைவிடக் காற்றோடு போனது அதிகம். கடைசியில் இரண்டு சாக்கு. அதிலும் ஒன்று நிரம்பவில்லை.

பங்குனியில் கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். கனகலிங்கத்தாரின் பெயர் இருந்தது. தவமணியின் பெயர் இல்லை. காரணம் எளிது. லேசர் சொன்னதும் விவசாயி சொன்னதும் முரண்பட்டால் ஒருவர் நேரில் வந்து மறுபடி பார்ப்பாராம். கனகலிங்கத்தாருக்கு அப்படி வந்தார்கள். நெல்லைக் கையால் கசக்கிப் பார்த்தார்கள். பட்டியலில் சேர்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால் மறுபார்வை தேவையில்லை. தவமணிக்கு இரண்டும் அச்சொட்டாக ஒத்துப்போயிருந்தன.

முறையிடப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். எழுதினவர் நீங்கள்தானே மாஸ்ரர், நீங்கள் ஒருக்காச் சொன்னாக் கேப்பினம் என்றார். யாழ்ப்பாணத்தில் நிறுவனத்தின் கந்தோர். மின்விசிறிக்குக் கீழே ஒரு பிள்ளை. மரியாதையான பிள்ளைதான். கதிரை தந்து, தண்ணீர் தந்து, கொம்பியூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்கோ அம்மா, உந்த வெளியில உங்கட வயல்தான் முதலாவது."

தவமணி அந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு கைப்பிடி நெல்லை மேசையில் வைத்தார்.

"ஊதிப் பாருங்கோ பிள்ளை."

அவள் ஊதவில்லை. தவமணியே குனிந்து ஒரு ஊது ஊதினார். முக்கால்வாசி எழும்பிப் பறந்து கொம்பியூட்டர் எழுத்துக்கட்டைகளுக்குள் போய் விழுந்தது. அந்தப் பிள்ளை ஒரு கடதாசியால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தாள். கோபிக்கவில்லை.

"அம்மா, இது நீங்கள் வீட்டிலயிருந்து கொண்டந்தது. அந்த வயலில எடுத்ததெண்டு நாங்கள் என்னண்டு எழுதுறது? மற்றது, நீங்களே குறையில்லை எண்டு சொல்லியிருக்கிறியள்."

போமை எடுத்துக் காட்டினாள். என் எழுத்து. அவளுக்கு நான் யாரென்று தெரியாது. விரலால் தொட்டுவிட்டுச் சொன்னாள்: "வடிவா எழுதியிருக்கு. ஒரு வெட்டும் இல்லை."

நான் எழும்பி, எழுதியது நான்தான் என்று சொல்லி, அந்தப் பதிலின் அர்த்தம் வேறு என்று விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். எழுத்தில் தாருங்கள் என்றாள்.

எழுத்தில் தருவதற்கு என்னை விட்டால் ஆள் ஏது? சித்திரையில் ஒரு கடிதம். வைகாசியில் நினைவூட்டல். ஆனியில் இன்னொன்று, மழைமானிக் குறிப்புகளின் பிரதியோடு. மூன்றுக்கும் பதில் வந்தது. உங்கள் அவதானம் பயனுள்ளது, அடுத்த வருடத் திட்டத்தில் கவனிக்கப்படும்.

ஆனி மாதத்தில் நோர்வேக்கு ஒரு தொலைபேசி எடுத்தேன். ஜெயந்தன் நல்ல மனிதர், மறைக்கவில்லை. கருவியை அளவு திருத்தியது தென்மராட்சியில், நீர் பாய்ச்சிய ஒரு நல்ல வயலிலாம். அங்கே இவ்வளவு உயரத்துக்கு, இவ்வளவு அடர்த்திக்கு இவ்வளவு நெல் என்று ஒரு கணக்கு எடுத்து, அதே கணக்கை உப்பு வயலுக்கும் போட்டுவிட்டார்கள். இன்னொன்றும் சொன்னார். அரிசி பிடித்த கதிர் பாரத்தால் வளைந்து தொங்கும். பதர்க் கதிருக்குப் பாரம் இல்லை, நேராக நிமிர்ந்து நிற்கும். மேலேயிருந்து பார்க்கும் லேசருக்கு நிமிர்ந்த கதிர் உயரமான பயிர். உயரமான பயிர் என்றால் கூடிய விளைச்சல்.

அதாவது, எவ்வளவுக்கெவ்வளவு வெறுமையோ அவ்வளவுக்கவ்வளவு பச்சை.

"சென்சர் பிழை விடேல்லை சேர். அது பார்த்ததைச் சொன்னது. நான் இஞ்சத்தைப் பழக்கம் எல்லாம் மறந்துபோனன். நீங்கள் அங்கயே இருக்கிற ஆள். அண்டைக்கு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பதில் சொல்லுமுன் தொலைபேசிக் கடைக் கொமினிகேசன்காரர் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டினார். அவருக்கு நன்றி.

பழைய கண் மதிப்பில் ஓரவஞ்சனை இருந்தது. அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த வாழைப்பழ அதிகாரியின் காலைப் பிடிக்கலாம். கையைப் பிடித்து வயலுக்குள் இழுக்கலாம். அவர் பெண்சாதியிடம் போய் அழலாம். லேசரிடம் எங்கே போய் அழுவது? அதற்கு ஓரவஞ்சனை இல்லைத்தான். எல்லோரையும் ஒரேமாதிரிப் பார்த்தது. ஒருவரையும் பார்க்கவில்லை.

ஆவணியில் விதைநெல் கொடுத்தார்கள். பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். சொந்த வயலில்தான் விதைப்பேன், கைமாற்றமாட்டேன் என்று கையெழுத்து வேறு. தவமணி இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தாராம். கையெழுத்து வைத்தனாங்கள் அக்கா, என்ன செய்யிறது, ஏலாது என்று சொல்லிவிட்டார்களாம். பயம். அடுத்த வருடம் பட்டியலில் இருந்து வெட்டிவிடுவார்கள். தவமணிக்குக் கிடைத்த இரண்டு சாக்கில் ஒன்று விதைக்கு உதவாத அரைப் பதர், மற்றது வயிற்றுக்குள் போய்விட்டது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நான்காவது கடிதத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு. ஆதாரங்களோடு, பின்னிணைப்புகளோடு.

சென்ற வியாழக்கிழமை அந்த வயல் வரம்பில் நின்றபோதுதான் ஒன்று மண்டையில் அடித்தது. யாழ்ப்பாணம் போய் ஒரு சாக்கு விதைநெல் வாங்கி மினிபஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு அரை நாள் வேலை. ஆறு மாதமாக எனக்கு அது தோன்றவேயில்லை. நம்புவீர்களா? பிழையை எழுத்தில் திருத்திவிட்டால் எல்லாம் திருந்திவிடும் என்று இருந்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கப் போம் நிரப்பியவனின் வியாதி இது.

அப்படியே தவமணியின் வீட்டுக்குப் போனேன். கணவர் உள்ளே கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தவமணி முற்றத்தில் இருந்து பனையோலை வார்ந்துகொண்டிருந்தார். பெட்டி இழைத்துக் கொடுத்தால் சந்தையில் ஒருவர் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். மகளைப் படிப்பிலிருந்து மறித்து எடுக்க வேண்டி வருமோ தெரியாது என்றார். வயலைப் பற்றி அவராக ஒரு சொல்லும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். உழுவதைக் கண்டேன் என்றேன். விதைநெல்லை நானே வாங்கித் தந்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை, மன்னியும் என்றேன்.

"வேண்டித் தந்திருந்தா விதைச்சிருப்பன்" என்றார். ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனீங்கள், மாஸ்ரர்."

குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நடந்ததைச் சொன்னார். அவர் கோபித்திருந்தால் நல்லது போல எனக்கு இருந்தது.

எழும்பினேன். படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மாஸ்ரர், அண்டைக்கு வயலுக்க நடந்ததெல்லாம் உங்கட கொப்பியில எழுதினனீங்கள்தானே?"

"ஓம்" என்றேன்.

"குறையில்லை எண்டு சொல்லேக்க என்ர முகம் எப்பிடி இருந்தது எண்டும் எழுதினனீங்களோ?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து குறிப்புக் கொப்பியை எடுத்தேன். மாசி மாதம், அந்தப் புதன்கிழமை. இயந்திரம் வயலுக்குள் இறங்கிய நேரம் இருக்கிறது. ஏறிய நேரம் இருக்கிறது. டீசல் எத்தனை லீற்றர் என்று இருக்கிறது. காற்று வடகிழக்கு, வானத்தில் மேகமில்லை என்று இருக்கிறது. தவமணியின் பெயருக்கு நேரே, நன்று.

முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அந்த முகம் இப்போதும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, எழுதிவிடலாம். ஆனால் நடந்து முடிந்தபிறகு பக்க ஓரத்தில் இடைச்செருகுவதற்கு எங்கள் தொழிலில் பெயர், கள்ளப் பதிவு!